தேதிக்கு ஒரு விலை: குவாண்டம் கணினியும் முதலீட்டுக் கணக்கும்

2025 ஜனவரி 8 அன்று அமெரிக்கப் பங்குச்சந்தையில் குவாண்டம் கணினி நிறுவனங்கள் மூன்று ஒரே நாளில் சரிந்தன. ரிகெட்டி சுமார் 45 விழுக்காடு, அயான்கியூ 39 விழுக்காடு, டி-வேவ் 36 விழுக்காடு. எந்த நிறுவனத்திலும் கணக்கு முறைகேடு வெளிப்படவில்லை, ஒப்பந்தம் எதுவும் கைநழுவவில்லை, ஆய்வுக்கூடத்தில் எந்தச் சோதனையும் தோற்கவில்லை. முந்தைய நாள் லாஸ் வேகஸில் முதலீட்டு ஆய்வாளர்களின் கேள்விக்குப் பதில் சொன்ன என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங், உண்மையிலேயே பயன்படும் குவாண்டம் கணினிக்கு 15 ஆண்டு என்பது சீக்கிரம், 30 ஆண்டு என்பது தாமதம், 20 ஆண்டு என்றால் பலரும் நம்புவோம் என்ற பொருளில் பேசியிருந்தார். அந்தப் பேச்சே போதுமானதாக இருந்தது.

பங்கு வாங்கியவர்களின் கையில் உண்மையில் என்ன இருந்தது என்பதை அந்த ஒரு நாள் காட்டிவிட்டது. சரிவுக்கு முன் அயான்கியூவின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 1,000 கோடி டாலர். 2024 ஆண்டு முழுவதும் அது ஈட்டிய வருவாய் 4.31 கோடி டாலர். அதாவது ஆண்டு வருவாயைப் போல இருநூறு மடங்குக்கும் மேலான விலை. ரிகெட்டியின் ஆண்டு வருவாய் 1.08 கோடி டாலர், டி-வேவின் வருவாய் வெறும் 88 லட்சம் டாலர். இன்றைய வருவாய்க்காக யாரும் இந்த விலையைக் கொடுக்கவில்லை. என்றோ ஒரு நாள் இந்த இயந்திரம் சம்பாதிக்கத் தொடங்கும் என்ற எதிர்பார்ப்புக்கு, அந்த நாள் எப்போது என்பதற்குத்தான் விலை கொடுத்தார்கள். ஆபத்து மிகுந்த முதலீட்டில் ஆண்டுக்கு 15 விழுக்காடு ஆதாயம் எதிர்பார்ப்பவரின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஐந்து ஆண்டு கழித்து வரப்போகும் 100 ரூபாய்க்கு இன்று அவர் தரக்கூடியது 50 ரூபாய். அதே 100 ரூபாய் 20 ஆண்டு கழித்துத்தான் வரும் என்றால், இன்று அவர் தரக்கூடியது 6 ரூபாய். இந்தக் கணக்கில் 39 விழுக்காடு சரிவு மிதமானதே. ஹுவாங் சொன்னதைச் சந்தை பாதிதான் நம்பியது.

அடுத்த மார்ச்சில், சான் ஹோசேயில் நடந்த தன் நிறுவன மாநாட்டில், இதே நிறுவனங்களின் தலைவர்களை மேடையேற்றித் தன் கணிப்பு தவறு என்று அவர்களே நிறுவட்டும் என ஹுவாங் வாய்ப்பளித்தார். ஜூன் மாதம் பாரீசில் இந்தத் துறை திருப்புமுனையை எட்டிவிட்டது என்றார். பிறகு என்விடியாவே சைகுவாண்டம், குவான்டினுவம், குவேரா ஆகிய நிறுவனங்களில் முதலீடு செய்தது. ஒருவர் ஆறு மாதத்தில் கருத்தை மாற்றிக்கொண்டது பெரிய செய்தியில்லை. அந்தக் கருத்தோடு சேர்ந்து சில நூறு கோடி டாலர் மதிப்பு அழிந்ததும் மீண்டதும்தான் கவனிக்க வேண்டியது.

குவாண்டம் கணினி இன்று இரண்டு எதிர்பார்ப்புகளைச் சந்தைக்குக் கொண்டுவந்திருக்கிறது என்பது என் வாதம். ஒன்று, அது புதிய மருந்தும் உரமும் பொருள்களும் தரும் என்ற வாக்குறுதி. மற்றொன்று, இன்று உலகம் முழுவதும் பணத்தையும் இரகசியத்தையும் காக்கும் மறையாக்கத்தை அது உடைத்துவிடும் என்ற அச்சம். பத்திரிகைகளும் முதலீட்டு அறிக்கைகளும் முதலாவதைப் பற்றியே பேசுகின்றன. ஆனால் தொழில் உலகின் மீது இன்றைய தேதியில் உண்மையான தாக்கம் செலுத்துவது இரண்டாவதே. அதற்கு அரசாணை இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது, கெடு இருக்கிறது.

முதலில் வாக்குறுதியை விற்பவர்களின் நிலை. அயான்கியூ 2021 அக்டோபரிலும், ரிகெட்டி 2022 மார்ச்சிலும், டி-வேவ் 2022 ஆகஸ்டிலும் பட்டியலாயின. மூன்றுமே வழக்கமான பங்கு வெளியீட்டின் வழியாக வரவில்லை. சொந்தமாக எந்தத் தொழிலும் இல்லாமல் பணத்தை மட்டும் திரட்டிப் பட்டியலாகும் ‘ஸ்பாக்’ எனப்படும் நிறுவனங்களோடு இணைந்து சந்தைக்குள் வந்தன. வழக்கமான பங்கு வெளியீட்டில் எதிர்கால வருவாய்க் கணிப்புகளை நிறுவனங்கள் தவிர்ப்பதே மரபு. இந்த வழியிலோ, ஐந்து ஆண்டுக்குப் பிந்தைய வருவாயை வரைபடம் போட்டுக் காட்ட முடிந்தது. வருவாயே இல்லாத துறைக்கு இது வசதியாக அமைந்தது. ஹார்வர்டு ஆய்வாளர்கள் தொடங்கிய ஸபாட்டா என்ற குவாண்டம் மென்பொருள் நிறுவனமும் 2024இல் இதே வழியில் நாஸ்டாக்கில் பட்டியலாகி, அதே ஆண்டு அக்டோபரில் பணமில்லாமல் செயல்பாட்டை நிறுத்தியது. அடுத்த இரண்டு மாதத்துக்குள் கூகுளின் வில்லோ சில்லு அறிவிப்பு வந்து துறை முழுவதும் பங்குகள் பறந்தன. 2024 செப்டம்பரில் ஒரு டாலருக்கும் கீழே கிடந்த ரிகெட்டி, ஆண்டு முடிவில் 15 டாலரில் நின்றது. அந்த மூன்று மாதத்தில் அதன் வருவாய் கூடவில்லை.

விலை உயர்ந்ததும் நிறுவனங்கள் செய்த காரியம் என்ன? புதிய பங்குகளை அச்சடித்து விற்றன. 2025இல் டி-வேவ் இப்படி 40 கோடி டாலர் திரட்டியது. அது முந்தைய ஆண்டு வருவாயைப் போல 45 மடங்கு. ரிகெட்டி 35 கோடி டாலர் திரட்டியது. அயான்கியூ அக்டோபரில் ஒரே தவணையில் 200 கோடி டாலர் பெற்றது. இதைக் குற்றம் என்று சொல்ல மாட்டேன். நீண்ட ஆராய்ச்சிக்குப் பணம் வேண்டும், சந்தை கொடுக்கும்போது வாங்கிக்கொள்வது நிர்வாகத்தின் கடமையும்கூட. ஆனால் சிறு முதலீட்டாளர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த நிறுவனங்களுக்கு இதுவரை மிக நம்பகமான வருமானம் பங்கு விற்பனைதான். கணினி விற்றோ சேவை விற்றோ வருவது அதற்குப் பக்கத்தில் சிறு தொகை. அந்தச் சிறு தொகையிலும் பெரும்பங்கு அரசுகளும் ஆய்வுக்கூடங்களும் தருவது. 2025 முதல் காலாண்டில் டி-வேவின் வருவாய் திடீரென 1.5 கோடி டாலராக உயர்ந்ததற்குக் காரணம், ஜெர்மனியின் யூலிக் ஆய்வு மையத்துக்கு ஒரு இயந்திரத்தை விற்றது. அயான்கியூவின் பெரிய ஒப்பந்தங்களில் ஒன்று அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தோடு 2024இல் போட்ட 5.45 கோடி டாலர் ஒப்பந்தம். தன் தொழிலில் இலாபம் கூடுகிறது என்பதற்காகத் திரும்பத் திரும்பக் காசு கொடுக்கும் வாடிக்கையாளர் இன்னும் அரிது.

ஐபிஎம், கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெரிய நிறுவனங்களின் பங்கை வாங்கினால் குவாண்டத்தில் முதலீடு செய்ததாக ஆகுமா? ஆகாது. அவற்றின் மொத்த வருவாயில் குவாண்டம் ஆய்வுச் செலவு கண்ணுக்குத் தெரியாத துளி. நாளை அந்த ஆய்வு கைவிடப்பட்டாலும் பங்கு விலை பெரிதாக அசையாது.

சரி, இயந்திரம் எந்த நிலையில் இருக்கிறது? குவாண்டம் கணினி எல்லா வழிகளையும் ஒரே நேரத்தில் முயன்று விடையைச் சொல்லிவிடும் என்று மேடைகளில் விளக்குகிறார்கள். அது தவறு. அதன் அடிப்படை அலகுகளான கியூபிட்டுகள் பல நிலைகளின் கலவையில் இருப்பது உண்மை. ஆனால் அளந்து பார்க்கும் கணத்தில் ஒரே ஒரு விடைதான் கிடைக்கும். தவறான விடைகளுக்குரிய அலைகள் ஒன்றையொன்று அழித்து, சரியான விடைக்குரிய அலை மட்டும் வலுக்கும்படி கணக்கை அமைக்கத் தெரிந்திருக்க வேண்டும். அப்படி அமைக்க இடம் தரும் கணக்குகள் மிகக் குறைவு. 1994இல் பெல் ஆய்வகத்தில் பீட்டர் ஷோர் கண்டுபிடித்த, பெரிய எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கும் முறை அவற்றில் தலையாயது.

அதைவிடப் பெரிய இடர் பிழை. மீக்கடத்திக் கியூபிட் உள்ள சில்லு கட்டைவிரல் நகத்தளவே இருக்கும். அதைச் சுற்றி ஆளுயரக் குளிரூட்டி தொங்குகிறது. தங்க முலாம் பூசிய செப்புத் தட்டுகள் அடுக்கடுக்காக இறங்குகின்றன, ஒவ்வொரு தட்டும் மேல்தட்டைவிடக் குளிர்ந்தது, கடைசித் தட்டில் வெப்பநிலை தனிச்சுழியத்துக்கு மேல் ஒரு கெல்வினின் நூறில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது. விண்வெளியின் வெறுமையைவிட அங்கே குளிர் அதிகம். இத்தனை செய்தும், இரண்டு கியூபிட்டுகளை இணைத்துச் செய்யும் செயல்களில் ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில் பிழை வருவதே நல்ல தரம். ஷோர் முறைக்கோ, வேதியியல் கணக்குக்கோ பல கோடிச் செயல்கள் பிழையில்லாமல் நடக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு, பல பழுதுள்ள கியூபிட்டுகளைச் சேர்த்து ஒரு நல்ல கியூபிட்டாக நடத்துவது. தருக்கக் கியூபிட் என்று அதைச் சொல்கிறார்கள். கியூபிட்டுகளைக் கூட்டினால் பிழைகளும் கூடுமே என்ற கேள்வி 30 ஆண்டுகளாகத் துறையின் தலைமேல் நின்றது. 2024 டிசம்பரில் வெளியான வில்லோ ஆய்வின் பெருமை அங்கேதான் இருக்கிறது. 3க்கு 3, 5க்கு 5, 7க்கு 7 எனக் கட்டத்தைப் பெரிதாக்க, ஒவ்வொரு முறையும் பிழை பாதிக்கும் கீழாகக் குறைந்தது. அளவு கூடினால் தரம் கூடும் என்ற கோட்பாடு முதன்முறையாக இவ்வளவு தெளிவாகச் சோதனையில் நின்றது. செய்தித்தாள்கள் அதை விட்டுவிட்டு, சாதாரணக் கணினிக்குப் பிரபஞ்சத்தின் வயதைவிட நீண்ட காலம் பிடிக்கும் கணக்கை அது ஐந்து நிமிடத்தில் செய்தது என்பதைத் தலைப்பாக்கின. அந்தக் கணக்கால் யாருக்கும் பயனில்லை. பிழை குறைந்த செய்தியோ பல ஆண்டுக் காத்திருப்புக்குக் கிடைத்த விடை.

அதே ஆய்வுக் கட்டுரையில் முதலீட்டாளர் படிக்க வேண்டிய இன்னொரு எண் இருக்கிறது. பத்து லட்சத்துக்கு ஒரு பிழை என்ற தரத்தை இதே வழியில் எட்ட, ஒரே ஒரு தருக்கக் கியூபிட்டுக்கு 1,457 பௌதிகக் கியூபிட்டுகள் வேண்டும். வில்லோவில் மொத்தமே 105 கியூபிட்டுகள். ஐபிஎம் 2023இல் வெளியிட்ட காண்டார் சில்லில் 1,121. இத்தகைய தருக்கக் கியூபிட் ஆயிரம் வேண்டுமென்றால் கணக்கு 15 லட்சத்தை நெருங்குகிறது. ஐபிஎம் வேறு வகைப் பிழைத்திருத்தக் குறிகளுக்கு மாறியிருக்கிறது. 2024இல் அவர்கள் காட்டிய வடிவமைப்பில் 288 கியூபிட்டுகளைக் கொண்டு 12 தருக்கக் கியூபிட்டுகளைக் காக்கலாம். 2029இல் நியூயார்க் மாநிலத்தின் பொகீப்ஸியில் 200 தருக்கக் கியூபிட்டுகளும் 10 கோடிச் செயல்களும் தாங்கும் ஸ்டார்லிங் என்ற இயந்திரத்தை நிறுவுவோம் என்று தேதியும் இடமும் குறித்து அறிவித்திருக்கிறார்கள். அயனிப் பொறி, நடுநிலை அணு, ஒளித்துகள் என்று மற்ற வழிகளில் செல்பவர்களும் இருக்கிறார்கள். எந்த வழி வெல்லும் என்பதில் துறைக்குள்ளேயே உடன்பாடு இல்லாதபோது, ஒரே நிறுவனத்தின் பங்கில் சேமிப்பைப் போடுவது அந்த வழியின் மீது பந்தயம் கட்டுவதாகிறது. ஒரு நிறுவனம் வெளியிடும் கியூபிட் எண்ணிக்கையைவிட, அதன் பிழை விகிதத்தையும் தருக்கக் கியூபிட்டுகளின் எண்ணிக்கையையும் கேட்பவரே சரியான கேள்வி கேட்கிறார்.

இயந்திரம் வந்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். யார் பயனடைவார்? 2040க்குள் 45,000 கோடி முதல் 85,000 கோடி டாலர் வரை பொருளாதார மதிப்பு உருவாகும் என்கிறது பாஸ்டன் கன்சல்டிங் குழுமத்தின் மதிப்பீடு. மேல் எல்லை கீழ் எல்லையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு; அந்த இடைவெளியே இது எவ்வளவு தளர்வான கணிப்பு என்பதைச் சொல்கிறது.

உண்மையான வலு வேதியியலில் இருக்கிறது. 1981இல் ரிச்சர்ட் ஃபைன்மன் எழுப்பிய கேள்வியே அதுதான்: இயற்கை குவாண்டம் விதிப்படி நடக்கும்போது அதைப் பாவனை செய்யும் கணினியும் அப்படித்தானே இருக்க வேண்டும்? பயறு வகைச் செடிகளின் வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா, காற்றிலுள்ள நைட்ரஜனைச் சாதாரண வெப்பத்தில் அம்மோனியாவாக்குகிறது. மனிதன் யூரியாவுக்காக அதே வேலையை ஹேபர்-பாஷ் முறையில், 400 டிகிரிக்கு மேலான வெப்பத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட வளிமண்டல அழுத்தத்திலும் செய்கிறான். உலகின் ஆற்றலில் ஒன்று முதல் இரண்டு விழுக்காடு அதற்கே போகிறது. பாக்டீரியாவின் நொதியில் அந்த வேலை நடக்கும் மையத்தில் இரும்பு அணுக்கள் ஏழு, கந்தகம் ஒன்பது, மாலிப்டினம் ஒன்று, கார்பன் ஒன்று. இவ்வளவு சிறிய கொத்தின் எலக்ட்ரான்கள் ஒன்றோடொன்று பின்னியிருப்பதைத் துல்லியமாகக் கணக்கிடுவது மீக்கணினிகளுக்கே மிகக் கடினம். 2021இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி, 40 லட்சம் கியூபிட்டுகள் கொண்ட குவாண்டம் கணினி இதை நான்கு நாளுக்குள் முடித்துவிடும். ஆயினும் அந்தக் கொத்தின் ஆற்றல் நிலையை அறிவது ஒன்று, அதைப் பின்பற்றி மலிவான வினையூக்கியைத் தயாரித்து ஆலை கட்டுவது வேறொன்று. இரண்டுக்கும் நடுவே வேதிப்பொறியாளர்களின் பல ஆண்டு உழைப்பு இருக்கிறது.

நிதித்துறையைப் பற்றிச் சொல்லப்படுபவை எனக்கு நம்பிக்கை தருவதில்லை. விலைக் கணிப்பு, முதலீட்டுத் தொகுப்பைச் சீரமைத்தல் போன்றவற்றில் குவாண்டம் முறை தரக்கூடிய வேகம் பெரும்பாலும் வர்க்கமூல அளவிலானது. சாதாரண முறைக்குப் பத்து லட்சம் படிகள் என்றால் இதற்கு ஆயிரம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிழைத்திருத்தம் செய்துகொண்டே நகரும் குவாண்டம் கணினியின் ஒவ்வொரு படியும் மிக மெதுவானது. 2021இல் கூகுள் ஆய்வாளர்களே இந்தக் கணக்கைப் போட்டு, முதல் தலைமுறை இயந்திரங்களில் வர்க்கமூல வேகம் பலன் தராது என்று எழுதினார்கள். வண்டிகளுக்குப் பாதை வகுத்தல், கால அட்டவணை போடுதல் போன்றவற்றுக்கும் இது பொருந்தும்.

இந்தத் துறையின் உண்மையான போட்டியாளர் சாதாரணக் கணினிதான், அதுவும் தூங்கிக்கொண்டிருக்கவில்லை. 2019இல் கூகுளின் சிக்கமோர் சில்லு 200 விநாடியில் செய்ததை மீக்கணினி செய்ய 10,000 ஆண்டு ஆகும் என்றார்கள். 2022இல் சீன ஆய்வாளர்கள் 512 வரைகலைச் செயலிகளைக் கொண்டு 15 மணி நேரத்தில் செய்து காட்டினார்கள். 2023 ஜூனில் ஐபிஎம்மின் 127 கியூபிட் சோதனை நேச்சர் இதழின் அட்டையை அலங்கரித்தது. சில வாரங்களில் சாதாரணக் கணினியில் அதே விடையைப் பல குழுக்கள் பெற்றுவிட்டன. இவற்றுக்கெல்லாம் முந்தையது டெக்சஸ் பல்கலைக்கழக இளநிலை மாணவி யூவின் டாங்கின் கதை. வாடிக்கையாளர் எதை விரும்புவார் என்று பரிந்துரைக்கும் ஒரு குவாண்டம் முறை இருந்தது. அதன் வேகத்தைச் சாதாரணக் கணினி எட்டவே முடியாது என்று நிறுவும்படி அவருடைய பேராசிரியர் ஸ்காட் ஆரன்சன் அவருக்கு வேலை கொடுத்தார். டாங்கால் அதை நிறுவ முடியவில்லை, ஏனென்றால் எட்ட முடியும். 2018இல், தன் 18ஆம் வயதில், அந்தச் சாதாரண முறையை அவரே எழுதிக் காட்டினார். கோடிக்கணக்கான முதலீட்டை ஈர்க்கக்கூடிய ஒரு பயன்பாடு, ஒரு பட்டப்படிப்பு ஆய்வேட்டில் கரைந்துபோனது.

ஆக, வாக்குறுதியின் பக்கம் கணிதம் முன்னேற முன்னேறத் தேதி தள்ளிப்போகிறது. அச்சத்தின் பக்கம் இதற்கு நேர்மாறு. இன்று வங்கிப் பரிமாற்றம் முதல் மென்பொருள் புதுப்பிப்பு வரை காப்பது ஆர்எஸ்ஏ, நீள்வளையக்கோடு ஆகிய பொதுச்சாவி முறைகள். இரண்டையும் ஷோர் முறை உடைக்கும். 2048 பிட் ஆர்எஸ்ஏ சாவியை உடைக்க 2 கோடி கியூபிட்டுகளும் எட்டு மணி நேரமும் வேண்டும் என்று 2019இல் ஆய்வாளர்கள் கிரெய்க் கிட்னியும் மார்ட்டின் எக்கெராவும் மதிப்பிட்டார்கள். 2025 மே மாதம் கிட்னியே அதைத் திருத்தினார்: 10 லட்சத்துக்கும் குறைவான கியூபிட்டுகள், ஒரு வாரத்துக்குள். இரண்டு கணக்கிலும் அனுமானிக்கப்பட்ட இயந்திரத்தின் தரம் ஒன்றே. ஆறு ஆண்டில் தேவை இருபதில் ஒரு பங்காகக் குறைந்தது முழுக்க முழுக்கத் தாளில் நடந்த வேலை.

10 லட்சம் கியூபிட்டும் இன்று இல்லையே, ஏன் அவசரம்? இன்றைய மறையாக்கப்பட்ட தகவலை இன்றே நகலெடுத்து வைத்துக்கொண்டு, இயந்திரம் வந்ததும் திறக்கலாம் என்பதால். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் மிக்கேலே மோஸ்கா இதை எளிய கூட்டலாகச் சொன்னார். இரகசியம் எத்தனை ஆண்டு காக்கப்பட வேண்டும் என்பதோடு, புதிய முறைக்கு மாற எத்தனை ஆண்டு ஆகும் என்பதைக் கூட்டுங்கள். அது இயந்திரம் வர ஆகும் ஆண்டுகளைவிடப் பெரிதென்றால் ஏற்கெனவே தாமதமாகிவிட்டது. மருத்துவப் பதிவும் தூதரகக் கடிதமும் 25 ஆண்டுக்குக் காக்கப்பட வேண்டியவை. ஒருவரின் கைரேகையும் கருவிழிப் படமும் அவர் வாழ்நாள் முழுதும் மாறாதவை. ஹுவாங்கின் 20 ஆண்டுக் கணிப்பையே ஏற்றாலும் இவற்றுக்கு நேரம் போதாது. பங்கு விலையைச் சாய்த்த அதே கணிப்பு, மறையாக்கத் துறைக்கு எச்சரிக்கை மணியாகிறது.

அதனால்தான் அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2016இல் உலகளாவிய போட்டி வைத்து, எட்டு ஆண்டுச் சோதனைக்குப் பிறகு 2024 ஆகஸ்டில் மூன்று புதிய தரங்களை இறுதி செய்தது. போட்டியின் கடைசிச் சுற்றுகளுக்கு வந்த சைக் என்ற முறையை 2022இல் பெல்ஜிய ஆய்வாளர்கள் இருவர் ஒரு சாதாரணக் கணினியில் ஒரு மணி நேர அளவில் உடைத்தார்கள். பொதுவில் வைத்துச் சோதித்ததன் பலன் அது. ஆர்எஸ்ஏ-2048 போன்றவை 2030க்குப் பின் தவிர்க்கப்பட வேண்டும், 2035க்குப் பின் அனுமதியே இல்லை என்கிறது நிஸ்டின் வரைவு. பிரிட்டனும் 2035ஐயே இறுதிக் கெடுவாக வைத்திருக்கிறது. 2025 முதல் 2035 வரை தன் அரசுத்துறைகள் மாறுவதற்கு மட்டும், தேசப் பாதுகாப்பு அமைப்புகள் நீங்கலாக, 710 கோடி டாலர் ஆகும் என்று வெள்ளை மாளிகை 2024இல் கணக்கிட்டது. 2024இல் குவாண்டம் தொடக்க நிறுவனங்களில் உலகம் முழுவதும் முதலீடான தொகை மெக்கின்சி கணக்கில் சுமார் 200 கோடி டாலர். இன்னும் பிறக்காத ஒரு கருவிக்கு எதிரான தற்காப்புக்கு ஓர் அரசு ஒதுக்க வேண்டிய தொகை, அந்தக் கருவியை உருவாக்க ஓர் ஆண்டில் உலகம் போட்ட முதலீட்டைப் போல மூன்று மடங்குக்கும் மேல்.

மாற்றம் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்டப்போய்ப் பார்த்தால் அதன் தன்மை புரியும். உலாவி ஒரு தளத்தோடு பேசத் தொடங்கும்போது அனுப்பும் நீள்வளையக்கோட்டுச் சாவி 32 பைட். புதிய தரத்தின் நடுத்தரச் சாவி 1,184 பைட். இணையத்தில் ஒரு பொட்டலத்தின் வழக்கமான உச்ச அளவு 1,500 பைட். முகவரியும் மற்ற விவரங்களும் சேர்ந்தால் முதல் வணக்கமே ஒரு பொட்டலத்தில் அடங்காமல் இரண்டாகப் பிரிகிறது. 2024இல் குரோம் உலாவி புதிய முறையை இயல்பாகவே இயக்கியபோது, வணக்கம் ஒரே பொட்டலத்தில்தான் வரும் என்ற எண்ணத்தில் எழுதப்பட்ட சில தீயரண்களும் சேவையகங்களும் இணைப்பைத் துண்டித்தன. சரிசெய்ய மாதங்கள் பிடித்தன. கையொப்பத்தில் இடைவெளி இன்னும் பெரிது: 64 பைட்டுக்குப் பதில் 3,309 பைட். குறைந்த நினைவகத்தோடு ஓடும் அட்டைகள், மின்அளவிகள், கார்களின் கட்டுப்பாட்டுப் பெட்டிகள் எல்லாவற்றிலும் இது வன்பொருள் பிரச்சினையாகிறது. ஆயினும் வேலை நடக்கிறது. இணையச் சேவை நிறுவனமான கிளவுட்ஃப்ளேர் வழியாக மனிதர்கள் மேற்கொள்ளும் இணையப் போக்குவரத்தில் பாதிக்கு மேல் 2025 அக்டோபரில் புதிய முறையால் காக்கப்பட்டது. கையொப்பங்களும் சான்றிதழ்களும்தான் இன்னும் பின்தங்கி நிற்கின்றன.

இயந்திரத்தின் மீதே முதலீடு செய்ய விரும்புபவர்களுக்கு, அமெரிக்கப் பாதுகாப்பு ஆய்வு முகமையான தார்ப்பா நடத்தும் தேர்வு பயனுள்ள அளவுகோல். கணக்கீட்டின் மதிப்பு அதன் செலவைவிட அதிகமாக இருக்கும் குவாண்டம் கணினியை 2033க்குள் கட்ட முடியுமா என்று ஒவ்வொரு நிறுவனத்தின் திட்டத்தையும் தன் நிபுணர்களைக் கொண்டு அது துருவிப் பார்க்கிறது. செலவைவிட மதிப்பு அதிகமா என்ற கேள்வியை எந்த முதலீட்டு விளம்பரத்திலும் நான் பார்த்ததில்லை. யார் வென்றாலும் விற்பனை நடக்கும் இடங்களும் உண்டு. ஆழ்குளிரூட்டிகளை விற்கும் பின்லாந்தின் புளூஃபோர்ஸ் அப்படிப்பட்டது. ஆனால் அதன் குளிரூட்டிக்கு வேண்டிய ஹீலியம்-3 பெரும்பாலும் அணு ஆயுதக் கையிருப்பில் உள்ள டிரிட்டியம் சிதைவதால் கிடைப்பது. வழங்கல் அரசுகளின் கையில்.

இந்தியா 2023 ஏப்ரலில் தேசிய குவாண்டம் இயக்கத்துக்கு எட்டு ஆண்டுக்கு 6,003.65 கோடி ரூபாய் ஒதுக்கியது. ஆஸ்திரேலியாவின் மத்திய, குயின்ஸ்லாந்து அரசுகள் 2024இல் பிரிஸ்பேனில் இயந்திரம் கட்ட சைகுவாண்டம் என்ற ஒரே நிறுவனத்துக்குத் தர முன்வந்த 94 கோடி ஆஸ்திரேலிய டாலர், அன்றைய மாற்று விகிதத்தில் ஏறத்தாழ 5,000 கோடி ரூபாய். பணத்தால் மோதி இந்தியா இந்தப் பந்தயத்தில் வெல்லப் போவதில்லை. இந்த இயக்கத்தின் நான்கு மையங்களில் குவாண்டம் தொடர்பியலுக்கான மையம் சென்னை ஐஐடியில் அமைந்திருப்பது பொருத்தமானது என்றே நினைக்கிறேன். தற்காப்புப் பக்கத்துக்கு அருகில் இருப்பது அது. 1990களின் இறுதியில் ஒய்2கே பிழையைத் திருத்தும் வேலையில்தான் இந்திய மென்பொருள் நிறுவனங்கள் உலக வங்கிகளின் உள்ளறைக்குள் நுழைந்தன. எந்த மென்பொருளில், எந்த மூலையில், எந்த மறையாக்கம் இருக்கிறது என்று தேடிப் பட்டியலிட்டு, மாற்றி, சோதித்துத் தரும் வேலை அதைவிடப் பெரிது, அதைவிட நீண்டது. நம் பொறியாளர்களுக்குப் பழகிய வேலை இது.

வீட்டிலும் அதே வேலை காத்திருக்கிறது. தமிழ்நாட்டில் வில்லங்கச் சான்று இன்று டிஜிட்டல் கையொப்பத்தோடு இணையத்திலேயே கிடைக்கிறது. மூலப்பதிவு பதிவுத்துறையின் தரவுத்தளத்தில் இருந்தாலும், வங்கியின் கடன் கோப்பிலும் வழக்கறிஞரின் கணினியிலும் தங்குவது அந்தக் கையொப்பமிட்ட நகல். நிலம் முப்பது நாற்பது ஆண்டு கைமாறாமல் கிடக்கும். கையொப்பச் சாவி உடையக்கூடிய காலம் வந்தால், இன்றைய தேதியிட்ட போலிச் சான்றை அன்று தயாரிக்கலாம், கையொப்பம் சரிபார்ப்பில் தேறவும் செய்யும். பழைய கோப்புகளுக்குப் புதிய முறையில் காலமுத்திரை இட்டு வைப்பதும், இனி வாங்கும் கருவிகளில் பழைய முறை, புதிய முறை இரண்டும் இருக்க வேண்டும் என்று ஒப்பந்தப் புள்ளியில் ஒரு பிரிவைச் சேர்ப்பதும் இதற்கான வழி. அதற்குக் குவாண்டம் கணினி ஒன்றுகூடத் தேவையில்லை. இந்த ஆண்டு பத்தாண்டுப் பயன்பாட்டுக்காக ஓர் அரசு அலுவலகம் வாங்கும் கையொப்பச் சாதனம், நிஸ்ட் வரைவு குறித்திருக்கும் 2035 கெடு வரும்போதும் அதே மேசையில் இயங்கிக்கொண்டிருக்கும்.